ஏற்றுக்கொள்ள ஆன நாள்

அன்று 2025 பிப்ரவரி பதிமூன்று, வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. கல்லூரி நூலகத்தின் உள்ளறையில் இருந்தவர்கள்: நீள மேசையின் தலைமாட்டில் முதல்வர் ஞானதாஸ்; அவருக்கு வலப்பக்கம், வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வல்லுநராக வந்திருந்த டாக்டர் காஜா முகைதீன்; இடப்பக்கம், நிர்வாகத்தின் சார்பில் வக்கீல் அருள்ராஜ்; மேசையின் கோடியில் கோப்புகளோடு அலுவலகக் கண்காணிப்பாளர் சண்முகவடிவு; அவர்களுக்கு எதிரே தனி நாற்காலியில் தாவரவியல் துறை மரியபுஷ்பம் மேடம். ஐந்து பேர். நூலகர் வரவில்லை, முதுகுவலி, மருத்துவ விடுப்பு. அதனால் சுவரோரம் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற நூலக உதவியாளர் சொரிமுத்துவையும் சேர்த்தால் ஆறு. சேர்க்கலாமா என்று சொரிமுத்து சற்று யோசித்தார். கூட்டத்துக்கு வந்தவர்கள் என்று எழுதினால் ஐந்து, அறையில் இருந்தவர்கள் என்று எழுதினால் ஆறு. இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொண்டார்.

தள்ளுவண்டியில் பதினான்கு இதழ்கள், வரிசை எண் போட்ட சீட்டு செருகி. மரியபுஷ்பம் மேடத்தின் பதினான்கு ஆராய்ச்சிக் கட்டுரைகள் அவற்றில் இருந்தன. பேராசிரியர் பதவிக்கு உயர்வதற்குப் பத்து வேண்டும் என்பது விதி. பத்துக்குப் பதினான்கு இருக்கிறது, அதனால் இது அரை மணி நேர வேலை என்றுதான் முதல்வர் காலையிலேயே சொல்லியிருந்தார், பன்னிரண்டுக்கு இலை போடச் சொல்லியும் ஆயிற்று. வல்லுநர் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லுவார், சொரிமுத்து அந்த இதழை எடுத்து அவர் முன்னால் வைப்பார், பார்த்து முடித்ததும் எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான் அவருக்கு வேலை. ஆனால் வண்டியின் கீழ்த்தட்டில், பழைய துணி மூடிய ஒரு பதிவேடு இருந்தது. அதை எடுத்து வைக்கச் சொன்னது முதல்வர் அல்ல. நேற்றுச் சாயந்தரம் மேடம் வந்து, "அண்ணாச்சி, நாளைக்கு நம்ம நோட்டும் பக்கத்துல இருக்கட்டும், கேட்டா எடுங்க, கேக்கலைன்னா வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நம்ம நோட்டு. அந்தச் சொல்லையே இரவெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார் சொரிமுத்து. கேட்டால் என்ன ஆகும், கேட்காவிட்டால் என்ன ஆகும். "ஒண்ணு" என்றார் வல்லுநர். சொரிமுத்து ஒன்றை எடுத்து வைத்தார். இருநூற்றுப் பதினொன்று என்று அவர் மனம் தானாகச் சொல்லிற்று.

இருநூற்றுப் பதினொரு நாள். அவருக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு. ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டுவார், மாதங்களின் பெயர் தெரியும், இரண்டு சொற்களை எங்கே கண்டாலும் முகத்தை அடையாளம் கண்டுகொள்வதுபோல் கண்டுகொள்வார்: ரிசீவ்டு, அக்செப்டட். கட்டுரைத் தலைப்புக்கு அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள், கட்டுரை பத்திரிகைக்கு வந்து சேர்ந்த தேதி, அதைப் படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்ட தேதி. இருபத்தாறு வருஷத்துக்கு முன் நூலகராக இருந்த அருமைநாயகம் சார்தான் அந்த நோட்டைத் தொடங்கி வைத்தார், நம் கல்லூரி ஆசிரியர்கள் எழுதிய கட்டுரைகள் என்று. பெயர், இதழ், பக்கம், வந்த தேதி, ஏற்ற தேதி. கடைசியில் ஒரு கட்டம் விட்டு, "இதுல எத்தன நாளாச்சுன்னு எண்ணிப் போடும்வே, இந்த வருஷ அறிக்கைக்கு வேணும்" என்றார். அந்த வருஷ அறிக்கைக்கு மட்டும்தான். நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை, எனவே சொரிமுத்து நிறுத்தவில்லை. அருமைநாயகம் சார் ஓய்வு பெற்று, இறந்தும் போனார். அவருக்குப் பிறகு மூன்று நூலகர்கள் வந்தார்கள். ஒருவரும் அந்தக் கட்டத்தைப் பார்த்ததில்லை. சொரிமுத்து எண்ணிக்கொண்டே இருந்தார். வந்த நாளைச் சேர்க்காமல், ஏற்ற நாளைச் சேர்த்து. லீப் வருஷமா என்று பார்த்து. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. "ரெண்டு" என்றார் வல்லுநர். நூற்று அறுபத்துநான்கு. சொரிமுத்து ஒன்றை எடுத்து இரண்டை வைத்தார். மேடம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கைகளை மடியில் கோத்து. வல்லுநர் கேட்டதற்கு, "அது பெரியகுளத்துப் பாசி சார், மூணு கோடையில எடுத்தது" என்று மட்டும் சொன்னார். வல்லுநர் தலையாட்டினார். அடுத்தது மூன்று. மூன்றைத்தான் சொரிமுத்துவால் எடுக்க முடியாமல் இருந்தது.

பளபளவென்ற அட்டை. பத்து வருஷமாகியும் மினுங்குகிறது, பாவி. எல்லா அறிவியலுக்குமான சர்வதேச இதழ் என்று அதன் பெயருக்கு அர்த்தம் சொன்னார்கள். சொரிமுத்து அதற்கு வைத்திருந்த பெயர் ஒண்ணாந்தேதிப் புத்தகம், ஏனென்றால் அது மாதம் தவறாமல் ஒன்றாம் தேதி வந்து விழும். மற்றவை அப்படியா? பாசிகளுக்கென்றே வரும் காலாண்டிதழ் இருக்கிறதே, மார்ச் மாத இதழ் ஆகஸ்டில் வரும், மட்டமான தாளில், மூலை மடங்கி, சில வருஷம் நான்குக்கு மூன்றுதான் வரும், கடிதம் எழுதிக் கேட்டால் நான்காவது அடுத்த வருஷத்தோடு சேர்ந்து வரும். பதிவேட்டில் கட்டம் காலியாகக் கிடந்து அவர் கண்ணை உறுத்தும். ஒண்ணாந்தேதிப் புத்தகம் வந்த பிறகுதான் ஒரு வரிசை முழுவதும் நிறைந்து அவர் பார்த்தார். பன்னிரண்டு கட்டத்துக்குப் பன்னிரண்டு டிக். இணையத்தில் யார் வேண்டுமானாலும் சும்மா படிக்கலாம், எழுதுகிறவர்தான் கட்டணம் கட்ட வேண்டும், கட்டினால் தாளிலும் ஒரு பிரதி வரும் என்றார்கள். நல்ல காரியம்தானே என்று நினைத்தார், பணம் இல்லாத பிள்ளைகளும் படிக்கும். அதன் ஆள் ஒருவர் பெரிய பையோடு கல்லூரிக்கே வந்தார், முதல்வர் அவரைக் கூட்டம் போட்டுப் பேச வைத்தார், கல்லூரியின் தரம் பார்க்க ஆய்வுக் குழு வரப்போகிறது, ஆளுக்கு இத்தனை கட்டுரை காட்டியாக வேண்டும் என்று எல்லோரும் கவலையில் இருந்த வருஷம் அது. பேசி முடித்து நூலகத்துக்கு வந்த அந்த ஆள், மேசைமேல் கிடந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "அண்ணாச்சி, எத்தனையோ காலேஜ் போயிருக்கேன், இப்படி ஒரு ரெஜிஸ்டர் பார்த்ததே இல்ல, நீங்கல்லாம் இருக்க வேண்டிய இடமே வேற" என்றார். பதினாறு வருஷத்தில் அந்த நோட்டைப் பாராட்டிய முதல் ஆள். ஒரு மாதம் சொரிமுத்து அந்த வார்த்தையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதுபோல் அலைந்தார். கடைசிக் கட்டத்தையும் அந்த ஆள் பார்த்திருப்பான் அல்லவா? பார்த்துவிட்டுத்தான் பாராட்டினான். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

"சொரிமுத்து, மூணு" என்றார் முதல்வர். சொரிமுத்து எடுத்து வைத்தார். பத்து வருஷத்துக்கு முன் மேடம் கையில் கட்டுரை உறையோடு வந்து நின்றது நேற்று நடந்ததுபோல் தெரிகிறது. எங்கே அனுப்புவது என்று தெரியாமல் நின்றார், காலாண்டிதழுக்கா, புதிதாக வந்த இதற்கா. தன்னிடமே கேட்டுக்கொள்வதுபோலத்தான் கேட்டார். சொரிமுத்து யாருக்கும் யோசனை சொல்லுகிறவர் அல்ல. சொந்தத் தம்பி பெண் பார்க்கப் போனபோதுகூட வாசலிலேயே நின்றவர். ஆனால் அன்று வாய் திறந்தது. "இது ஒரு மாசங்கூடத் தவறுனதில்ல மேடம்" என்றார். அவ்வளவுதான். ஒன்பது வார்த்தைகூட இல்லை. எண்ணிப் பார்த்தால் ஐந்து. மேடம் சிரித்து, "நீங்க சொன்னா சரிதான் அண்ணாச்சி" என்று புதிதாக வந்ததன் முகவரியை எழுதினார். கட்டுரை அச்சாகி வந்தது. வந்த தேதி ஜூன் பத்து, ஏற்ற தேதி ஜூன் பன்னிரண்டு. சொரிமுத்து கட்டத்தில் இரண்டு என்று எழுதினார். எழுதிவிட்டு, என்ன சுறுசுறுப்பு என்று வியந்தார். அதை நினைக்கத்தான் வெட்கமாக இருக்கிறது. காலத்தில் வருகிறவன், காலத்தில் முடிக்கிறவன், அவனை நம்பாமல் யாரை நம்புவது? வீட்டுக்கு வரும் பால்காரரை அப்படித்தானே அளக்கிறோம். அவர் அதை அளந்த கோல் அதுதான். பாலைக் காய்ச்சிப் பார்க்கவில்லை.

நான்கு, மூன்று நாள். ஐந்து, இரண்டு நாள். ஆறு, ஒரு நாள். வல்லுநர் அட்டையைத் திருப்பினார், பக்கத்தைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், டிக் போட்டார். மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்று ஒலித்தது, டிக்குக்கும் டக்குக்கும் நடுவில் யாரும் பேசவில்லை. வக்கீல் கொட்டாவியை விரலால் மறைத்தார். "மேடத்துக்கு எடிட்டோரியல் போர்டுலயும் இடம் இருக்கு போலயே" என்று முதல்வர் அட்டையின் உட்பக்கத்தில் அச்சாகியிருந்த மேடத்தின் படத்தைக் காட்டினார். "கேக்காமலே போட்டுட்டாங்க சார். எடுங்கன்னு நாலு கடிதம் எழுதினேன். அப்புறம் பல்லு சீரமைப்புச் சிறப்பிதழுக்குக் கட்டுரை கேட்டு எழுதுனாங்க. மேன்மைமிகு அறிஞரேன்னு ஆரம்பிச்சு" என்றார் மேடம். வக்கீல் உரக்கச் சிரித்தார். "பாசிக்கும் பல்லுக்கும் சம்பந்தம் இருக்கத்தான செய்யும், விளக்காம விட்டா பல்லுல பாசிதானே." எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார், ஆனால் சிரிப்பு முடிந்த விதத்தைச் சொரிமுத்து கவனித்தார். போன மாதமும் இப்படித்தான் சிரித்தார். விண்ணப்பத்துக்குத் தேதி எழுத வந்தவர், ஒரு மதியம் முழுக்க நோட்டோடு உட்கார்ந்தார், சாப்பிடப் போகவில்லை. நான்கு மணிக்குக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, இந்த மைனஸ் நாலு என்ன?" என்று கேட்டார்.

மைனஸ் நாலு. அதுதான் பத்தாம் எண். அந்த எண்ணில் சொரிமுத்துவின் மனம் ஆறு வருஷமாகத் தட்டிக்கொண்டு நிற்கிறது, சேலை முந்தானை கதவு ஆணியில் மாட்டிக்கொண்டதுபோல. கட்டுரை வந்த தேதி நவம்பர் பதினெட்டு, ஏற்ற தேதி நவம்பர் பதினான்கு. முதலில் தன் கண்ணைச் சந்தேகப்பட்டார். பிறகு மாதத்தை. பிறகு, வெளிநாட்டில் நாள் பின்தங்கி வரும் என்று சொல்லுகிறார்களே, அதனால் இருக்குமோ என்று காலண்டரைப் பார்த்தார். ஐந்து தடவை எண்ணினார். வருவதற்கு நான்கு நாள் முன்னாலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பிறக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு போட்டதுபோல. என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு சின்னக் கோடு போட்டு நான்கு எழுதினார். சுறுசுறுப்பு என்று தான் நினைத்தது என்னவென்று அன்றுதான் தெரிந்தது: ஒருவரும் படிக்கவே இல்லை. அந்த இரண்டு நாளும், மூன்று நாளும், ஒரு நாளும், யாரும் எதையும் படித்த நாள்கள் அல்ல. மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தார். மறுநாள் மேடம் முகமலர்ச்சியோடு வந்தார், சொல்லவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு கட்டுரை அதே இடத்துக்குப் போயின. ஒவ்வொன்றையும் அவர்தான் எண்ணி எழுதினார். கையால் எழுதியதை வாயால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் சொன்னால், அன்றைக்கு நீங்கதான அண்ணாச்சி சொன்னீங்க என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்பார். கேட்க மாட்டார். கேட்காமல் பார்ப்பார். அதுதான் பயம்.

"ஏழு." சொரிமுத்துவின் கை தானாகவே பணிவாயிற்று. ஏழு மட்டமான தாள், மூலை மடங்கியது. நானூற்று இரண்டு நாள். அந்தப் புத்தகம் வந்தபோது அவர் கோபப்பட்டார், ஒரு கட்டுரையைப் படிக்க ஒரு வருஷத்துக்கு மேலா என்று. மேடம்தான் சொன்னார், பத்திரிகைக்காரர்கள் பெயர் தெரியாத இரண்டு பேரிடம் அதைக் கொடுத்தார்கள், ஒருவர் பதினெட்டுக் கேள்வி எழுதி அனுப்பினார், மழைக்குப் பிறகும் அதே குளத்தில் எடுத்துப் பார்த்தீர்களா என்பது பதினொன்றாம் கேள்வி. எடுக்கவில்லை. அதற்காக ஒரு மழைக்காலம் காத்திருந்தார். சொரிமுத்து கூடப் போயிருந்தார், குப்பிகளைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று. முழங்காலளவு சேற்றில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிய அம்மாள், கரைக்கு வந்து, நுண்ணோக்கியில் முந்நூறு கட்டம் பார்த்து, கட்டத்துக்கு இத்தனை என்று எண்ணினார், கையில் அமுக்கும் எண்ணுமானி டிக்டிக்கென்று. இரண்டு மாதம் எண்ணிய பிறகு ஒரு நாள், குப்பிகளில் ஒன்றுக்குச் சீட்டு மாறி ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார். எது மாறியது என்று உறுதியாகத் தெரியவில்லை. ஒரு குப்பிதானே, விட்டுவிடலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். மேடம் இரண்டு மாத எண்ணிக்கையையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். முதலிலிருந்து தொடங்கினார். அப்போது சொரிமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்தது. தன்னைப் போல ஒரு ஆள் உலகத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த நாள் அது. தன்னைப் போல என்று சொல்வதுகூடத் தப்பு, அவர் தன் தவறை மறைத்து வைத்தவர், அந்த அம்மாள் கோடு போட்டு அடித்தவர்.

எட்டு, நான்கு நாள். ஒன்பது, இரண்டு. பத்து வைக்கும்போது சொரிமுத்து வல்லுநரின் முகத்தைப் பார்த்தார். வல்லுநர் தேதியைப் பார்க்கவில்லை. யாரும் தேதியைப் பார்ப்பதில்லை. டிக். பதினொன்று, இரண்டு. பன்னிரண்டு, சுழி, வந்த அன்றே ஏற்றது. டிக். பதிமூன்று காலாண்டிதழ், தொண்ணூற்றெட்டு. பதினான்கு, நூற்று எண்பத்தேழு. டிக், டிக். முடிந்தது. "பத்துக்குப் பதினாலு. அந்தப் பத்திரிகையெல்லாம் அப்போ அங்கீகரிச்ச பட்டியல்ல இருந்ததுதான். பெறகு எடுத்துட்டாங்க, அதனால நமக்கு ஒண்ணும் இல்ல. வடிவு, கையெழுத்துத் தாள நீட்டும்மா" என்றார் முதல்வர். சண்முகவடிவு தாளை நீட்டினார். சொரிமுத்து மூச்சு விட்டார். நோட்டைக் கேட்கவில்லை. கேட்கவில்லை, நல்லது, இந்தக் கல்லூரியில் பெண் ஒருத்தி பேராசிரியர் ஆவது இதுதான் முதல் தடவை, ஆகட்டும், நோட்டு துணிக்கு அடியிலேயே கிடக்கட்டும். இப்படி நினைத்தபோதே நெஞ்சில் ஏதோ ஒன்று ஏமாந்ததுபோல் சுருங்கிற்று. அது ஏன் என்று அவர் யோசிக்குமுன், "ஒரு நிமிஷம் சார்" என்றார் மேடம். "அண்ணாச்சி, நம்ம நோட்ட எடுங்க."

சொரிமுத்து துணியை விலக்கி நோட்டை மேசைமேல் வைத்தார். மேடம் நோட்டைப் பிரித்து, வல்லுநர் பக்கம் திருப்பி வைத்து, அவர் டிக் போட்ட தன் கட்டுரைப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டார். "மூணாவது, ரெண்டு நாள்" என்று படித்துக் கோடு போட்டார். "நாலாவது, மூணு நாள். அஞ்சாவது, ரெண்டு. ஆறாவது, ஒண்ணு." ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. முதல்வருக்கு இரண்டு கோடு ஆன பிறகுதான் விளங்கிற்று. "என்ன மேடம் செய்யுதீங்க? அடிக்காதீங்க, அது ஒரிஜினல் பட்டியல்!" "ஒரிஜினல்லதான் சார் அடிக்கணும். எட்டு, நாலு நாள். ஒன்பது, ரெண்டு." "யாருமே கேக்கலையே உங்கள!" "அதான் சார். யாருமே கேக்கல. இந்த ஒம்பதுலயும் எண்ணிக்கை பொய்யில்ல. ஆனா யாரும் சரிபார்க்கல. சரிபார்த்ததுன்னு சொல்லி நான் காட்டுதேன். பத்தாவதுல ரெண்டு வகைப் பாசிய ஒண்ணுன்னு எழுதிட்டேன். மூணு மாசத்துல எனக்கே தெரிஞ்சு போச்சு. திருத்தம் போடுங்கன்னு எழுதினா அதுக்குத் தனிக் கட்டணம்னாங்க, கட்டினேன், போடல. போன வருஷம் சேலத்துல ஒரு பிள்ளை அந்தத் தப்ப அப்படியே எடுத்துத் தன் ஆய்வேட்டுல எழுதியிருக்கு, என் பேரச் சொல்லி. ரெண்டு வருஷ வேலை அந்தப் பிள்ளைக்கு. கேள்வி கேக்க ஒரு ஆள் இருந்திருந்தா அங்கயே பிடிச்சிருப்பார்." பத்தாவதன்மேல் கோடு போட்டார். பேனா மெல்லத்தான் போயிற்று. சொரிமுத்துவுக்கு அந்தக் கோடு குளக்கரையில் பார்த்த கோடுதான்.

முதல்வர் நோட்டை எட்டி இழுத்தார். புரட்டினார். அவர் பெயரும் அதில் இருந்தது, இரண்டு இடத்தில், இரண்டு நாள், ஒரு நாள் என்று. அதைச் சொரிமுத்துவும் அறிவார், முதல்வரும் இப்போது அறிந்தார். "இந்தக் கட்டத்த யார் போடச் சொன்னா? நூலக விதியில இப்படி ஒரு கட்டமே கிடையாதே. என்ன வே, சொரிமுத்து?" ஐந்து பேரும் திரும்பினார்கள். ஐந்து பேர் ஒரே சமயத்தில் தன்னைப் பார்த்ததாக அவருக்கு நினைவு தெரிந்து இல்லை, கல்யாணத்தில்கூடத் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அருமைநாயகம் சார் சொன்னார் என்று சொல்லலாம். இறந்தவர் மறுக்க மாட்டார். அது உண்மையும்தான், ஒரு வருஷத்துக்கு உண்மை, மீதி இருபத்தைந்து வருஷத்துக்கு? "ஒரு வருஷத்துக்கு அருமைநாயகம் சார் சொன்னாங்க" என்றார். "மத்தபடி நானாத்தான் சார் போட்டேன். அந்த மூணாவதும், நான் சொல்லித்தான் மேடம் அங்க அனுப்பினாங்க. மாசம் தவறாம வருதுன்னு சொன்னேன். தப்பு என்னுது." சொல்லிவிட்டார். ஆறு வருஷம் தூக்கியதை இரண்டு மூச்சில் இறக்கிவிட்டார். மேடம் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத்தான் பயந்திருந்தார், ஆனால் அது அவர் பயந்த பார்வையாக இல்லை. "நீங்க சொன்னீங்க, ஞாபகம் இருக்கு அண்ணாச்சி. ஒரு தடவதான் சொன்னீங்க. நான் ஒம்பது தடவ அனுப்பினேன். மீதி எட்டு யார் கணக்கு? குழு வருது, குழு வருதுன்னு அவசரப்பட்டது நான். உங்களுக்குப் பங்கு கேட்டா தரமாட்டேன்." வக்கீல், "பங்கு கேக்கிற சொத்தப் பாத்தியளா" என்று முணுமுணுத்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வல்லுநர் இதுவரை நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, பத்துக்குக் குறைஞ்சா நான் கையெழுத்துப் போட முடியாது. அது உங்களுக்குத் தெரியும்" என்றார். "தெரியும் சார்." "இன்னைக்கு விட்டா ஆரம்பத்துல இருந்து வரணும். புது விண்ணப்பம், புதுக் குழு. நான் வருவேனோ என்னமோ." "தெரியும் சார்." அதற்குள் மேடம் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் கோடு போட்டு முடித்திருந்தார். வல்லுநர் கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு, "அந்த ஏழாவதக் குடுங்க" என்று கை நீட்டினார். முன்னே ஏழாவதைப் பார்த்து டிக் போட்டவர்தான், இப்போது பிரித்துப் படித்தார். "மழைக்குப் பெறகு நீலப்பச்சைப் பாசி இவ்வளவு குறையுமா? எனக்கு நம்பிக்கை வரல." "எனக்கும் வரல சார், ரெண்டாந்தடவ எண்ணினேன்." "குளத்துக்குள்ள தண்ணி வர்ற வாய்க்கால் பக்கம் எடுத்தீங்களா, மடைப் பக்கமா?" "ரெண்டும். நாலாம் அட்டவணையில இருக்கு." இருவரும் குனிந்துகொண்டார்கள். ஒரு மணி நேரமாக டிக்கும் டக்குமாக இருந்த அறையில் முதன்முதலாகப் பேச்சு நடந்தது. சொரிமுத்துவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டே நிற்கலாம்போல இருந்தது. கேட்கிறவர் நம்பாமல் கேட்டார், சொல்லுகிறவர் கோபப்படாமல் சொன்னார். நானூற்று இரண்டு நாள் எங்கே போயிற்று என்று இப்போது கண்ணால் பார்த்தார். சண்முகவடிவு தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக் கோப்பில் சொருகினார். முதல்வர், "சரி, சாப்பிடப் போவோம், சோறு ஆறிப் போகும்" என்று எழுந்தார். கதவருகே நின்று, திரும்பிப் பார்க்காமல், "அந்த நோட்ட என் ரூமுக்கு அனுப்பும் வே" என்றார். வல்லுநர், "அனுப்புறதுக்கு முன்னால எனக்கு அதுல ஒரு நகல் வேணும், முழுசா. குழு உறுப்பினர்னு எழுதிக் கேக்குதேன், பதிவு பண்ணிக்கோங்கம்மா" என்று வடிவிடம் சொன்னார். வடிவு பதிவு செய்தார், பேனாவை அழுத்தி.

நான்கு பேர் போனார்கள். மேடம் மட்டும் நாற்காலியில் அப்படியே இருந்தார். பேனாவை மூட மறந்து கையிலேயே வைத்திருந்தார். சொரிமுத்து தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நீங்கள் செய்தது பெரிய காரியம் என்று சொல்ல வாய் வரவில்லை, அந்த மாதிரி வார்த்தைகள் மேடைக்காரர்களுடையவை. "எவ்வளவு மிஞ்சிச்சு அண்ணாச்சி?" என்றார் மேடம், தெரிந்துகொண்டே. "அஞ்சு மேடம்." "அஞ்சு போதாது." "போதாது மேடம்." "எங்க அம்மைகிட்ட இன்னைக்குப் பேராசிரியர் ஆயிருவேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்று சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், எழுந்தார். "மறுபடியும் குளத்துக்குப் போகணும். நீங்க மே மாசத்தோட ஓய்வுல போயிருவீங்க, குப்பி பிடிக்க வருவீங்களா?" சொரிமுத்து தலையாட்டினார். மேடம் படியிறங்கும் சத்தம் கேட்டது, இருபத்திரண்டு படி.

ஐந்து இதழ்களை எடுத்து அலமாரியில் அதனதன் இடத்தில் வைத்தார். ஒன்பதைத் தனியே கட்டினார். எறியவில்லை, கட்டின்மேல் சீட்டு ஒட்டினார். பிறகு உட்கார்ந்து ஒரு துண்டுத் தாள் எடுத்தார். அந்த ஒன்பதையும் ஏற்க ஆன நாள், மைனஸ் நாலைக் கழித்தால் பன்னிரண்டு, கழிக்காமல் விட்டால் பதினாறு. கழித்துவிடுவதே முறை. அதை அப்படியே ஓரமாக எழுதிவிட்டு, மற்ற ஐந்தையும் கூட்டினார்: இருநூற்றுப் பதினொன்று, நூற்று அறுபத்துநான்கு, நானூற்று இரண்டு, தொண்ணூற்றெட்டு, நூற்று எண்பத்தேழு. ஆயிரத்து அறுபத்திரண்டு. பத்துக்கு இன்னும் ஐந்து வேண்டும். அந்த ஐந்தும் இந்த ஐந்தைப் போலவே நேரம் எடுத்துக்கொள்ளட்டும், ஒன்று முடிந்துதான் அடுத்தது போகட்டும், பதினெட்டுக் கேள்வி கேட்கட்டும், மழை வரைக்கும் நிற்கச் சொல்லட்டும், அப்படியானாலும் இன்னொரு ஆயிரத்து அறுபத்திரண்டுதான். மேடத்தின் ஓய்வு நாள் 2032 மே முப்பத்தொன்று. விரல் விட்டு, 2028இல் ஒரு நாள், 2032இல் ஒரு நாள் லீப் சேர்த்து, இரண்டு தடவை எண்ணினார். இன்றிலிருந்து இரண்டாயிரத்து அறுநூற்று அறுபத்துநான்கு நாள். கழித்தார். சரிபார்த்தார். நாளைக் காலை மேடம் வரும்போது சொல்ல வேண்டும், மறுநாள், மறுநாள் என்று தள்ளாமல், வாயால் சொல்ல வேண்டும். மிச்சம் ஆயிரத்து அறுநூற்று இரண்டு நாள்.